பங்கு பிரித்த பிறகு மிஞ்சுவது எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் ஆட்டுப் பங்கு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிய மாமரக் கிளையில் தூக்கி, தோலுரித்து, வாழையிலையில் கூறு கூறாகப் போடுவார்கள். ஒவ்வொரு கூற்றிலும் கொஞ்சம் ஈரல், கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் கொழுப்பு. எட்டு மணிக்கெல்லாம் ஆளாளுக்குப் பையோடு போய்விடுவார்கள். (இப்படி வளவுக்குள் அடிப்பதற்கு அனுமதி உண்டா என்பது வேறு கதை.) ஆட்கள் போன பிறகு மாமரத்தடியில் என்ன கிடக்கும்? தோல், கொம்பு, நாலு குளம்பு, இரைப்பைக்குள் இருந்த பச்சைச் சாணம், மண்ணில் ஊறிய இரத்தம், யாருக்கும் வேண்டாத சவ்வுகள்.

எங்கள் வீட்டில் மிச்ச வேலை அப்பாச்சியின் மேற்பார்வையில் நடக்கும். "உதெல்லாத்தையும் அந்தத் தென்னம்பிள்ளைக்குக் கீழை தாட்டு விடு தம்பி, நல்லாக் காய்க்கும்" என்பார். தாட்டோம். தென்னையும் குறையில்லாமல் காய்த்தது. அந்தத் தென்னைக்கும் எங்கள் கிணற்றுக்கும் இடையே இருபது அடி இருந்தால் அதிகம். அப்போது அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. வெகு காலம் கழித்து, அதே வளவில் நூறு கோழிகளுக்கு ஒரு கூடு போட்ட பிறகுதான் அந்த இருபது அடி எனக்கு உறுத்தத் தொடங்கியது. கோழி வளர்த்தால் கோழி சாகவும் செய்யும். செத்த கோழியை என்ன செய்வது என்று தேடப் போய், இதற்கென்றே உலகத்தில் தடித்தடியான சட்டப் புத்தகங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அவற்றிலிருந்து எனக்கு விளங்கியதை, நம்மூர் உதாரணங்களோடு சொல்லிப் பார்க்கிறேன்.

எது துணைப்பொருள்?

சட்ட மொழியில் இவற்றுக்கு விலங்குத் துணைப்பொருட்கள் என்று பெயர். விலங்கிலிருந்து வந்து, மனிதர் சாப்பிடுவதற்கென்று ஒதுக்கப்படாத எல்லாம் இதற்குள் அடங்கும். தோல், இறகு, எலும்பு, மீன் குடல், கெட்ட முட்டை, சாணம், முழுதாகச் செத்துக் கிடக்கும் மாடு, எல்லாம்தான். கொஞ்சப் பொருள் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஆட்டின் உயிர் எடையில் ஏறக்குறையப் பாதிதான் எலும்போடு சேர்த்து இறைச்சியாகத் தேறும்.

இதில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஒரு பொருளைத் துணைப்பொருள் ஆக்குவது நாம் எடுக்கும் முடிவு. ஆட்டு இரத்தத்தையே பாருங்கள். அறுக்கும்போது சுத்தமான சட்டியில் உப்புப் போட்டு ஏந்தினால் மத்தியானம் இரத்த வறை, அதாவது உணவு. அதே இரத்தத்தை ஏந்தாமல் நிலத்தில் ஓட விட்டால் அந்த நொடியே அது துணைப்பொருள். குடல் கறி வைக்கத் தெரிந்த வீட்டுக்குக் குடல் உணவு. அடுத்த வீட்டில் அதுவே நாய்க்குப் போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இதை ஒருவழிப் பாதையாக வைத்திருக்கிறது. ஒருமுறை துணைப்பொருள் என்று ஒதுக்கிவிட்டால் பிறகு அது உணவுக்குத் திரும்ப முடியாது. கழிவு வாளிக்குள் போட்ட ஈரலை, பின்னேரம் ஒருவர் வந்து கேட்கிறார் என்று எடுத்துக் கழுவி நிறுத்துக் கொடுக்கக் கூடாது. ஈரல் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் வாளிக்குள் அது எதோடு கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? அதோடு, திரும்பி வரும் வழி ஒன்று இருந்தால் கழிவைக் கறியாக்கி விற்கிறவரும் அந்த வழியால்தான் வருவார்.

மாட்டுக்கு மாட்டையே தீத்திய கதை

இந்தச் சட்டங்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் பிரித்தானியாவின் மாடுகள்.

கொல்களங்களில் மிஞ்சும் எலும்பையும் சவ்வையும் குடலையும் பெரிய தொட்டிகளில் வேகவைத்துக் கொழுப்பை உருக்கி எடுப்பது அங்கே பழைய தொழில். கொழுப்பு சவர்க்காரத்துக்குப் போகும். அடியில் தங்குவதை உலர்த்தி அரைத்தால் இறைச்சி எலும்புத் தூள். புரதம் நிறைந்தது, விலையும் மலிவு. பால் கூடுதலாகக் கறக்கட்டும் என்று அதைப் பசுத் தீவனத்தில் கலந்தார்கள். புல்லும் வைக்கோலும் தின்னப் பிறந்த பிராணிக்கு, அதன் இனத்தையே அரைத்துத் தீத்தினார்கள்.

1986 இல் அங்கே ஒரு புது நோய் அடையாளம் காணப்பட்டது. மாடுகள் தள்ளாடின, மிரண்டன, விழுந்தன, செத்தன. நம் வழக்கில் சொன்னால் விசர் மாட்டு நோய். இதைக் கொண்டு வருவது பற்றீரியாவும் இல்லை, வைரசும் இல்லை. பிறியோன் எனப்படும், தவறாக மடிந்துபோன ஒரு புரதம். அதுதான் சிக்கலே. கிருமி என்றால் கொதிக்க வைத்துக் கொல்லலாம், இது உயிரே இல்லாத பொருள். சாதாரணமாக வேகவைக்கும் சூட்டில் கெட்டுப்போவதில்லை. நோயில் செத்த மாட்டின் மூளை தூளாகி, தூள் தீவனமாகி, தீவனம் இன்னொரு மாட்டின் வயிற்றுக்குள் போய், அதுவும் செத்து மறுபடி தூளாகியது.

1988 இல் மாடு, ஆடு போன்ற அசைபோடும் விலங்குகளுக்கு அந்தத் தூளைக் கொடுப்பதைப் பிரித்தானியா தடை செய்தது. நோயோ அதற்குள் வேண்டிய அளவு பரவியிருந்தது. மொத்தத்தில் 180,000 க்கும் மேற்பட்ட மாடுகளில் அங்கே நோய் உறுதியானது. 1996 மார்ச்சில் இன்னொரு இடி: இளம் வயதினரின் மூளையைத் தின்னும் ஒரு புது வகை நோய்க்கும் இந்த மாட்டிறைச்சிக்கும் தொடர்பிருக்கலாம் என்று அரசாங்கமே பாராளுமன்றத்தில் சொன்னது. அந்த நோயில் அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 180 பேர்.

அந்த வடு ஆறுவதற்குள் 2001 இல் கோமாரி வந்தது. வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில், உணவகங்களில் மிஞ்சியதைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் பன்றிகளுக்குப் போட்டதிலிருந்து அது தொடங்கியதாக விசாரணையில் தெரிந்தது. அடக்குவதற்குள் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கொல்ல வேண்டி வந்தது. இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்குப் பிடித்தால் பட்டியே காலி. அந்த வைரஸ் உறைய வைத்த இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கடையில் மிஞ்சிய சோற்றையும் கறியையும் வாளியில் சேர்த்துப் பன்றிக்குக் கொண்டு போவது நம்மூரிலும் நடக்கிற காரியம்தான். அந்த வாளியைப் பார்க்கும்போது எனக்கு இங்கிலாந்துப் பண்ணைதான் நினைவுக்கு வரும்.

மூன்று தட்டுகள்

இத்தனை அடி வாங்கிய பிறகு ஐரோப்பா எழுதிய சட்டம், இப்போது 2009 ஆம் ஆண்டின் 1069 ஆம் இலக்க ஒழுங்குவிதியாக நடைமுறையில் இருக்கிறது. அதன் முழு எலும்புக்கூடும் ஒரே எண்ணத்தில் நிற்கிறது: எல்லாக் கழிவும் ஒன்றல்ல, ஆபத்தைப் பார்த்து மூன்றாகப் பிரி.

முதலாம் வகை மிகவும் ஆபத்தானது. விசர் மாட்டு நோய் சந்தேகிக்கப்படும் விலங்குகள், பிறியோன் அதிகம் தங்கும் மூளை, முள்ளந்தண்டு வடம் போன்ற உறுப்புகள் இதில் வரும். வீட்டில் வளர்த்துச் செத்த நாய், பூனையும் இந்த வகைதான். நான் எதிர்பார்க்காத ஒன்றும் இதில் இருந்தது: வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்திலும் கப்பலிலும் மிஞ்சும் சாப்பாடு. பலாலியில் இறங்கும் விமானத்தில் மிஞ்சிய பொட்டலமும் காங்கேசன்துறைக்கு வரும் கப்பலில் மிஞ்சிய கறியும் ஒரு ஐரோப்பியத் துறைமுகத்துக்குப் போயிருந்தால், நோய் மாட்டின் மூளையோடு ஒரே வகையில் வைத்திருப்பார்கள். வேறு நாட்டு விலங்கு நோய் அந்தப் பொட்டலத்தில் வரலாம் என்ற பயம்தான்.

இரண்டாம் வகையில் சாணம், இரைப்பைக்குள் இருப்பது, அறுக்கப்படாமல் தானாகச் செத்த விலங்கு, மருந்து எச்சம் அளவுக்கு மேல் உள்ள இறைச்சி. என் கூட்டில் செத்த கோழி இதற்குள் விழும்.

மூன்றாம் வகை ஆபத்துக் குறைந்தது. மனிதர் உண்ணத் தகுந்த விலங்கிலிருந்துதான் வந்தது, ஆனால் நாம் உண்பதில்லை. கோழிச் செட்டை, தோல், எலும்பு, கொம்பு, பாசையூரிலும் குருநகரிலும் மீன் வெட்டும் பலகையடியில் சேரும் செதிள், பூ (செவுள்), குடல் எல்லாம் இந்த வகை. சதை துளியும் ஒட்டாமல் சுத்தம் செய்த நண்டுக் கோதை அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுப்பதில்லை. சதை ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உள்ளே வந்துவிடும்.

வண்டியில் ஏற்றும்போது முதலாம் வகைக்குக் கறுப்பு அடையாளம், இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவதுக்குப் பச்சை. கலந்துவிட்டால் என்ன? இதை நம்மவர்களுக்கு விளங்கப்படுத்துவது மிகச் சுலபம். வெள்ளிக்கிழமைச் சாம்பார்ச் சட்டிக்குள் மச்சக் கரண்டியை, அதாவது மீன், இறைச்சிக் கறிக் கரண்டியை, ஒருதரம் விட்டால் அந்தச் சட்டி முழுவதும் மச்சம். "கொஞ்சம்தானே பட்டது" என்று அம்மாவிடம் வாதாடிப் பாருங்கள்! அதே நியாயம்தான் இங்கேயும். ஒரு வண்டி பச்சைக்குள் ஒரு வாளி கறுப்பு விழுந்தால் வண்டி முழுவதும் கறுப்பு. அதனால் பிரித்து வைப்பதில்தான் காசு மிச்சம் என்பதைத் தொழில் செய்கிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள்.

பிரித்ததை என்ன செய்கிறார்கள்? கறுப்புக்கு முடிவு பெரும்பாலும் எரிப்புத்தான். மஞ்சளைப் பசளையாகவோ எரிவாயுவாகவோ மாற்றலாம், ஆனால் அநேகமானவற்றை முதலில் கடும் அழுத்தத்தில் அவிக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. துண்டுகள் 50 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, நீராவி அழுத்தம் 3 பார், வெப்பநிலை 133 பாகை செல்சியஸ், நேரம் இடைவிடாமல் 20 நிமிடம். நம் குசினிப் பிரஷர் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே ஏறத்தாழ 120 பாகைதான் இருக்கும், அது போதாது. சாணத்துக்குச் சலுகை உண்டு. அதை நேரே வயலுக்குப் போடலாம், அங்கேயும் அப்படித்தான். பச்சை வகைக்குத்தான் நல்ல விலை: நாய், பூனைத் தீவனம், ஜெலற்றின், தோல் பொருட்கள், பசளை.

இதற்கெல்லாம் மேல், எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் காகிதம். ஒவ்வொரு சுமையோடும் ஒரு துண்டு போக வேண்டும். எங்கிருந்து புறப்பட்டது, என்ன வகை, எத்தனை கிலோ, யார் ஏற்றினார், எங்கே போய்ச் சேருகிறது. அனுப்பியவரும் பெற்றவரும் அதைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். புறப்பட்ட கிலோவும் சேர்ந்த கிலோவும் ஒத்துப்போகாவிட்டால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது. அவ்வளவு பெரிய சட்டம் கடைசியில் "இது எங்கே போகிறது?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்கிறது.

கல்லுக்குள் இருக்கும் கிணறு

சரி, நம்மூருக்கு வருவோம். இங்கே நாம் தரும் பதில் பெரும்பாலும் ஒரே சொல்: தாட்டாச்சு. ஆனால் யாழ்ப்பாணத்து நிலம், தாட்டதை அப்படியே வைத்திருக்கும் நிலமல்ல.

குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். செம்பாட்டு மண்ணோ மணலோ அதற்கு மேல் ஒரு போர்வைதான், சில இடங்களில் மண்வெட்டி நாலைந்து கொத்துக்குள் கல்லில் தட்டும். மழை நீர் மெல்ல மெல்லக் கரைத்த அந்தக் கல்லுக்குள் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய. அந்தக் கல் கரைந்து உருவான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்குக் கிடையாது, வழுக்கியாறு மாரிக்குத்தான் ஆறு. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழை நீரைத்தான். ஆழத்தில் உப்பு நீர், அதன் மேல் நல்ல நீர் மிதந்தபடி இருக்கிறது.

தடித்த களிமண் உள்ள ஊரில், புதைத்த உடலிலிருந்து கசிவது மண்ணுக்குள் மெதுவாகப் போகும், போகும் வழியில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடிக்க நேரம் கிடைக்கும். வெடித்த சுண்ணாம்புக்கல்லில் அந்த வடிகட்டல் மிகக் குறைவு. உடலில் உள்ள புரதம் அழுகி அமோனியாவாகிறது, அது பிறகு நைத்திரேற்றாகி நீரோடு இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். அதிகமானால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கும். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றுக் கூடுதல் என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். நியாயமாகச் சொல்வதென்றால் அதற்கு முதல் பொறுப்பு தோட்டத்துக்கு அள்ளிக் கொட்டும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும்தான். ஆட்டுக் குடல் மூன்றாவது ஆளாகத்தான் வருகிறது. ஏற்கெனவே இரண்டு பேர் கை வைத்த கிணற்றில் மூன்றாவது ஆளும் வேண்டுமா?

பிரித்தானியாவில் இறந்த கால்நடையைப் புதைப்பது பொதுவாகத் தடை. விதிவிலக்காக அனுமதிக்கும்போது, குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 250 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்று அங்கே வழிகாட்டல் உண்டு. நான் ஒரு பின்னேரம் இதை நம் அளவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குழியைச் சுற்றி 250 மீற்றருக்கு வட்டம் போட்டால் உள்ளே 775 பரப்புக்கு (16 பரப்பு ஒரு ஏக்கர்) மேல் நிலம் அடங்கும். அந்த 775 பரப்புக்குள் ஒரு குடிகிணறும் இருக்கக் கூடாது. நம்மூரில் இரண்டு பரப்புக் காணிக்கும் ஒரு கிணறு. வட்டத்தைக் கோண்டாவிலில் போட்டாலும் சரி, மானிப்பாயில் போட்டாலும் சரி, இடம் கிடைக்காது. அதோடு, காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கு எழுதும் ஊர் இது. ஒரே கிணற்றில் நாலு வீட்டுக்குப் பங்கு. ஆட்டில் பங்கு எடுக்காத வீட்டுக்கும் அந்தத் தண்ணீரில் பங்கு வந்துவிடும்.

இரத்தத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கழிவுநீர் எவ்வளவு மோசம் என்பதை, அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் தேவை என்று அளந்து சொல்வார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு இது லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம். இரத்தத்துக்கு 150,000 அளவில் வரும். குளம், ஆறு போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் விட இலங்கையில் அனுமதிக்கும் அளவு 30. அதாவது ஒரு லீற்றர் இரத்தத்தைத் தண்ணீர் கலந்தே அந்த அளவுக்கு இறக்க நினைத்தால் 5,000 லீற்றர் வேண்டும். வீட்டின் மேல் நிற்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கியில் ஐந்து. 25 கிலோக் கிடாயில் ஏறத்தாழ ஒரு லீற்றர் இரத்தம் வடியும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டு "கழுவியாச்சு" என்கிறோமே, கழுவப்பட்டது சீமெந்துத் தரை மட்டும்தான்.

புதைக்காமல் எறிந்தால் இன்னொரு வில்லங்கம். வெளிநாட்டில் இருப்பவரின் பற்றைக் காணிக்குள் இரவில் வந்து விழும் கோழிக் கழிவுப் பைகளைப் பற்றி எங்கள் ஒழுங்கைக்கே ஒரு புராணம் பாடலாம். முதலில் காகம், பிறகு நாய், பிறகு எலி. கட்டாக்காலி நாய் பெருகினால் விசர்நாய்க்கடிப் பயம். எலி பெருகினால் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது காரணமாகப் பேசப்பட்டது வெள்ளமும் வயலும். ஆனால் எலிக்கு விருந்து வைப்பவர்களில் நாமும் இருக்கிறோம்.

நம்மிடம் என்ன சட்டம் இருக்கிறது?

இலங்கையில் இது ஒரே புத்தகத்தில் இல்லை, பலவற்றில் பிரிந்து கிடக்கிறது. இறைச்சிக்கடைக்காரருக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதும் கொல்களத்தைக் கட்டுப்படுத்துவதும் 1893 ஆம் ஆண்டின் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகள். தொற்று நோயில் செத்த விலங்கை என்ன செய்வது என்பது 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் கால்நடை வைத்தியர்களின் அதிகாரம். கழிவு நீரும் சூழலும் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் வரும். கடைக்குள் வந்து கத்தியையும் பலகையையும் வாளியையும் பார்ப்பவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. என்று கூப்பிடுகிறவர்.

எழுத்தில் குறை சொல்ல அதிகமில்லை. என் அபிப்பிராயத்தில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கடைக்குள் நடப்பதைப் பார்க்க ஆள் உண்டு, குப்பைமேட்டைப் பார்க்கவும் ஆள் உண்டு. கடைக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவில் அந்தப் பை போகும் வழியைப் பார்ப்பவர் குறைவு. சபையின் குப்பை வண்டியில் சாதாரணக் குப்பையோடு ஏறினால் அது கல்லுண்டாய் போன்ற மேட்டுக்குத்தான் போய்ச் சேரும். அங்கேயும் காகம் உண்டு, நாய் உண்டு, பக்கத்தில் கடல்நீரேரியும் உண்டு.

வீட்டிலும் பட்டியிலும்

மாடு திடீரென்று செத்தால், முக்கியமாக மூக்கிலும் வாயிலும் கறுப்பாக இரத்தம் வடிந்திருந்தால், உரிக்கவும் வேண்டாம், வெட்டிப் பார்க்கவும் வேண்டாம். அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமி உடலுக்குள் இருக்கும் வரை பலவீனமானது. உடலைத் திறந்து காற்றுப் பட்டதும் வித்தியாக, அதாவது உறங்கும் வடிவமாக, மாறி, மண்ணில் பல பத்து வருடங்கள் கிடக்கும். கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு, அவர் வரும் வரை நாய் நெருங்காமல் மூடி வையுங்கள். தோல் விற்கலாமே என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் பதில்.

மாடு கன்று போட்டால் விழும் இளங்கொடிக்கு நம்மவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓலை உமலில் கட்டி ஆலமரம் போலப் பாலுள்ள மரத்தில் தூக்கிவிடுவார்கள், பால் பெருகும் என்ற நம்பிக்கையில். நம்பிக்கையை விடுங்கள், அதில் ஒரு புத்தி இருந்தது: நாய்க்கு எட்டாது, கிணற்றுக்கும் போகாது. ஆனால் காகத்துக்கு எட்டும். இப்போது உமலுக்குப் பதில் யூரியாப் பை தொங்குகிறது, அது உக்காது, கிழிந்து வடியும். கன்று குறைமாதத்தில் விழுந்திருந்தால் அந்த இளங்கொடியை வெறுங்கையால் தொடவே வேண்டாம். புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் அதிலிருந்து மனிதருக்கும் தொற்றும்.

மீன் கழிவு வீட்டளவில் பெரிய தொல்லையே இல்லை. சம எடை வெல்லத்தோடு மூடிய வாளியில் போட்டுச் சில வாரம் புளிக்க விட்டால் வரும் கரைசலை, தண்ணீரில் நன்றாக ஐதாக்கிச் செடிக்கு விடலாம். றால் கோதைக் காய வைத்து இடித்துத் தென்னைக்குப் போடலாம்.

என் செத்த கோழிகளுக்கு நான் கண்ட வழி ஒரு பெட்டி. சீமெந்துத் தளம், மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை. அடியில் ஒரு அடி உயரத்துக்கு மரத்தூளும் தும்புத்தூளும். அதன் மேல் கோழியை, ஒன்றையொன்று முட்டாமல், பலகையிலிருந்தும் அரையடி தள்ளி வைத்து, மறுபடி அரையடி தூள். ஈரம், பிழிந்த துணி அளவுக்கு. அமெரிக்காவில் பண்ணைகள் இப்படிச் செய்கின்றன. ஐரோப்பாவில் பொதுவாக இதற்கு விடமாட்டார்கள், அவர்கள் கணக்கில் அது முதலில் 133 பாகையில் அவிய வேண்டிய மஞ்சள் வகை. நான் இரண்டுக்கும் நடுவில் நின்று இதைத் தெரிவு செய்தேன், கிணற்றிலிருந்து வளவின் மறு மூலைக்குப் பெட்டியைத் தள்ளினேன். மூன்றாம் நாள் தோட்ட வெப்பமானியைக் குத்திப் பார்த்தபோது 58 பாகை. கையை மேலே பிடித்தால் அடுப்புச் சாம்பலின் சூடு. மணம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் மதிலுக்கு அப்பால் போகவில்லை. சில மாதம் கழித்துக் கிளறியபோது நெஞ்செலும்பும் கால் எலும்பும்தான் கிடைத்தன, விரலால் நெரித்தால் உடைந்தன. அந்தப் பசளையை மரக்கறிக்குப் போடாமல் வாழைக்குப் போட்டேன். ஆனால் ஒரே நாளில் ஐந்தாறு கோழி விழுந்தால் பெட்டியை நினைக்கவே கூடாது. அது நோய், வைத்தியருக்குத்தான் தொலைபேசி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் படித்த சூட்டில் போன மாதம் வழமையாகக் கோழி வாங்கும் கடையில், இரண்டு கிலோ வெட்டச் சொல்லிவிட்டு நின்றேன். மூலையில் நீல வாளி, அதற்குள் செட்டை, தலை, குடல் எல்லாம் ஒன்றாக.

"தம்பி, உதெல்லாம் எங்க போகுது?"

"வாகனம் வரும் அண்ணை."

"எந்த வாகனம்?"

கத்தியை ஒருதரம் துணியில் துடைத்தார். "அது வரும்," என்றார். "கழுத்துப் போடவோ, விடவோ?"